நல்ல டெய்லர் நல்ல சூப்பர்வைசர் ஆகாமல் போனது யார் தவறு?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. ஏற்றுமதிக்குத் தைக்கும் பனியன் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜர். நான்கு லைன் (வரிசையாகத் தைக்கும் மெஷின் குழு), 160 பேர். அவர்களில் 110 பேருக்கு மேல் பெண்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒன்றரை ஆண்டுக்கு முன் மூன்றாவது லைனுக்கு சூப்பர்வைசர் தேவைப்பட்டபோது, பதினோரு ஆண்டுகள் ஓவர்லாக் (துணி ஓரம் அடித்துத் தைக்கும்) மெஷினில் இருந்த ஒருவரை இவர் உயர்த்தினார். அவரை முருகேசன் என்று அழைப்போம். கம்பெனியிலேயே வேகமான கை அவருடையது. அவர் தைத்த பீஸ் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்ததே இல்லை. இன்றோ, நான்கு லைன்களில் குறைவாகப் பீஸ் இறங்குவது அந்த லைனில்தான். ஒன்பது டெய்லர்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் கத்துகிறார் என்று புகார். எல்லோரும் கிளம்பிய பிறகு, குறைந்த பீஸை அவரே மெஷினில் உட்கார்ந்து இரவு ஒன்பது மணி வரை தைக்கிறார்.

“அவனை மெஷினுக்கே அனுப்பு, சாதாரண டெய்லர் சம்பளம் போடு, டிப்ளமோ படித்த பையன்கள் இரண்டு பேரை வெளியிலிருந்து எடு” என்கிறாராம் முதலாளி. நான்கு மாதத்தில் இரண்டு புதிய லைன்கள் ஓடத் தொடங்க வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு சூப்பர்வைசராக வாசகரின் மனதில் இருப்பவர் பிளாட்லாக் (மடிப்புத் தைக்கும்) மெஷினில் இருக்கும் 36 வயதுப் பெண், பத்தாம் வகுப்பு வரை படித்தவர். அவரைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். முதலாளி இதற்கும் இரண்டு தடை சொல்கிறார்: பெண் சொன்னால் ஆண் டெய்லர்கள் கேட்க மாட்டார்கள், பெண்ணால் இரவு வரை நிற்க முடியாது. கடிதம் இப்படி முடிகிறது: “தலைமைப் பண்பு பிறவியிலேயே வர வேண்டும் போலிருக்கிறது மேடம். நான் ஆளைத் தவறாகக் கணித்துவிட்டேன். இனி எப்படிக் கணிப்பது?”

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் என் கண்ணில் நின்றது அந்த இரவுக் காட்சிதான். டியூப் லைட்டில் பாதியை அணைத்துவிட்ட ஃப்ளோரில், தன் லைனின் குறையைத் தன் கையால் அடைக்க ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து தைக்கிறார். பொறுப்பில்லாதவர் இதைச் செய்ய மாட்டார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பார்க்கிறார். அந்த வழி சூப்பர்வைசருக்கு உதவாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆளைத் தவறாகக் கணித்துவிட்டதாக எழுதுகிறீர்கள். அதற்கு முந்தைய பக்கத்தில் நீங்களே எழுதிய வரி இது: “ஒரு நோட்டையும் நீலக் கோட்டையும் கொடுத்து மறுநாள் காலை லைனில் நிறுத்தினேன்.” பதினோரு ஆண்டுகள் ஒரு வேலையைக் கற்றவரிடம் ஒரே இரவில் வேறொரு வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். தைப்பது ஒரு தொழில். நாற்பது பேரைத் தைக்க வைப்பது முற்றிலும் இன்னொரு தொழில். முன்னதில் துணியைப் பார்க்க வேண்டும், பின்னதில் முகங்களைப் பார்க்க வேண்டும்.

இது திருப்பூரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை எடுத்து மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்கே பதவி உயர்வு எளிதாகக் கிடைத்தது; ஆனால் அப்படி உயர்ந்தவர்களின் கீழ் வேலை செய்தவர்களின் விற்பனைதான் பெரிதும் சரிந்தது. சிறந்த கைக்குப் பரிசாக மேலாளர் நாற்காலியைக் கொடுத்தால், ஒரு நல்ல வேலையாளை இழந்து, தடுமாறும் ஒரு மேலாளரைப் பெறுகிறோம். நீங்கள் செய்தது உலகம் முழுவதும் செய்யும் தவறு. அதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் அதன் விலையை முருகேசன் மட்டும் கொடுக்கும்படி விட்டுவிடவும் வேண்டாம்.

இன்னொன்று. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: பீஸ் ரேட்டில் (தைத்த பீஸ் கணக்கில் கூலி) இருந்தபோது சீசனில் மாதம் 24,000 ரூபாய் வரை எடுத்தவர், இப்போது மாதச் சம்பளம் 19,500 ரூபாய் வாங்குகிறார், ஓவர்டைம் கிடையாது. இந்த வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பதவி உயர்வு என்ற பெயரில் சீசனில் மாதம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை குறைந்திருக்கிறது, வசவு கூடியிருக்கிறது. வீட்டில் அவர் இதை எப்படிச் சொல்லியிருப்பார்? அவருடைய கத்தலில் ஒரு பங்கு இந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒடிந்த ஊசி

பணியாளர் துறையில் நான் இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில், ஒரு லைன் எப்படி நடக்கிறது என்பதை அறிய உற்பத்தி அறிக்கையை விட ஊசிப் பதிவேட்டைத்தான் அதிகம் நம்பினேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான்: ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தப் பண்டல் முழுவதையும் ஒதுக்கிச் சோதிக்க வேண்டும். குழந்தையின் சட்டையில் ஊசி முனை இருந்துவிடக் கூடாதல்லவா?

ஒருமுறை ஒரு யூனிட்டில் நின்றுகொண்டிருந்தேன். பிளாட்லாக்கில் ஒரு பெண்ணுக்கு ஊசி ஒடிந்தது. பத்தொன்பது, இருபது வயதுதான் இருக்கும். சூப்பர்வைசர் ஓடி வந்தார். “எழுந்திரு” என்றார். தானே உட்கார்ந்தார், ஊசியை மாற்றினார், மிச்சமிருந்த பண்டலை நான்கைந்து நிமிடத்தில் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஏன் ஒடிந்தது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. தையல் மடிப்பு கனமாக வரும் இடத்தில் துணியை அவள் பின்னாலிருந்து இழுத்தாள், அதுதான் காரணம். மத்தியானத்துக்குள் மறுபடியும் ஒடிந்தது. இந்த முறை அவள் சொல்லவே இல்லை. ஒரு துண்டு மெஷின் மேசையின் இடுக்கில் கிடந்ததை மாலையில் பெருக்க வந்தவர்தான் கண்டெடுத்தார்.

அடுத்த லைனில் அதே வாரம் அதே தவறு. அங்கிருந்த சூப்பர்வைசர் அம்மாள் மெஷினில் உட்காரவே இல்லை. குனிந்து, “எந்த இடத்தில் ஒடிந்தது, காட்டு” என்றார். துணியை இழுக்காமல் விரலால் தள்ளிவிடச் சொன்னார். மூன்று பீஸ் தைக்க வைத்துப் பார்த்தார். அரை மணி கழித்து ஒரு நடை, மாலை டீக்குப் பிறகு ஒரு நடை. அன்று அந்த லைனில் பீஸ் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அதற்குப் பிறகு எது நடந்தாலும் கையைத் தூக்கினாள்.

நீங்கள் தேடும் ஆள் இந்த இரண்டாமவர். அவர் பிறவியிலேயே அப்படியா என்று எனக்குக் கவலையில்லை. அவர் செய்ததை இன்னொருவருக்குக் கற்றுத்தர முடியும் என்பது நிச்சயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அனுபவமே இல்லாத ஆட்களைக் கொண்டு ஆலைகளை ஓட்ட வேண்டிய நெருக்கடி அமெரிக்காவுக்கு வந்தது. அப்போது சூப்பர்வைசர்களுக்கென்றே அந்த அரசு ஒரு பயிற்சித் திட்டம் வகுத்தது. ஒரு பாடத்துக்கு மொத்தம் பத்து மணி நேரம். இரண்டிரண்டு மணியாக ஐந்து அமர்வுகள். வேலையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி, ஆட்களிடம் நடந்துகொள்வது எப்படி, வேலை முறையைச் சீராக்குவது எப்படி என மூன்று பாடங்கள். சொல்லிக்கொடுப்பதற்கு நான்கே படிகள்: ஆளைத் தயார்செய், செய்து காட்டு, செய்ய விட்டுப் பார், பிறகு வந்து கவனி. போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. தொழிலாளி கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதே அந்தப் பயிற்சியின் அடிப்படை வாசகம். அந்த அம்மாள் இதையெல்லாம் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அவர் செய்தது படிக்குப் படி இதுதான்.

முருகேசனை என்ன செய்வது?

முதலில் அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள், ஃப்ளோரில் வேண்டாம். “உங்களுக்குச் சொல்லித்தராமல் இந்த வேலையைக் கொடுத்துவிட்டேன், அது என் தவறு” என்று தொடங்குங்கள். அப்படிச் சொன்னால் மேனேஜரின் மரியாதை குறையும் என்று நினைக்காதீர்கள். பிறகு கேளுங்கள்: இந்த வேலை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? பலரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடிய வாய்ப்பே இல்லாமல்தான் ‘உயர்ந்திருப்பார்கள்’.

பிடித்திருக்கிறது என்றால் மூன்று மாதம் கொடுங்கள். வெறும் கெடுவாகக் கொடுக்காமல் பயிற்சியோடு கொடுங்கள். நான் மேலே சொன்ன பத்து மணி நேரத்தை நீங்களே நடத்தலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: ஷிப்ட் நேரத்தில் அவர் மெஷினில் உட்காரக் கூடாது. முதல் இரண்டு வாரம் அவருக்குக் கை பரபரக்கும், லைனின் எண்ணிக்கையும் சற்றுக் குறையும். அதைப் பொறுத்துக்கொள்ள முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வைப்பது உங்கள் வேலை. சம்பளத்தையும் சரிசெய்யுங்கள், சீசனில் ஒரு நல்ல டெய்லர் எடுப்பதைவிட சூப்பர்வைசருக்குக் குறையக் கூடாது.

பிடிக்கவில்லை என்றால் அவருக்கு வேறு ஒரு ஏணி வேண்டும். சாம்பிள் பிரிவுக்குப் போகலாம். புது ஸ்டைல் வரும்போது முதல் பீஸைத் தைத்துக் காட்டும் மூத்த டெய்லராக, கூடுதல் படியுடன் இருக்கலாம். மெஷினுக்குத் திரும்புவது தண்டனையாகத் தெரிந்தால் அவர் இரண்டு வாரத்தில் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார். பதினோரு ஆண்டு அனுபவமும் கூடவே போய்விடும்.

ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் தெளிவாக விசாரித்தாக வேண்டும். ‘கத்துகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வார்த்தையில்? பீஸ் குறைகிறதே என்று குரலை உயர்த்துவது வேறு, பெண்களை ஆபாசமாகப் பேசுவது வேறு. இரண்டாவது என்றால் அது பயிற்சியால் தீர்க்க வேண்டிய விஷயம் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013 சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைமையில் அது விசாரிக்க வேண்டும். நின்றுபோன ஒன்பது பேரில் இரண்டு மூன்று பேரையாவது செல்வி வழியாகவோ வேறு நம்பிக்கையான பெண் வழியாகவோ அழைத்து, ஏன் போனார்கள் என்று கேளுங்கள். உங்களிடம் நேரில் சொல்லத் தயங்குவார்கள்.

சம்பளத்தைக் குறைக்கலாமா?

முதலாளி நினைப்பது போல இது எளிதில்லை. சூப்பர்வைசர் என்று பெயர் கொடுத்ததாலேயே ஒருவர் தொழிலாளர் என்ற பாதுகாப்பிலிருந்து வெளியே போய்விடுவதில்லை. 1947 தொழில் தகராறுச் சட்டத்தில், மேற்பார்வைப் பணியில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் வாங்குபவர் ‘தொழிலாளர்’ ஆக மாட்டார் என்று இருந்தது; 2020 தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் அந்த வரம்பு 18,000 ரூபாய். முருகேசன் 19,500 வாங்குகிறார் என்பதால் பிரச்சினை முடிந்தது என்று எண்ண வேண்டாம். பதவிப் பெயரை வைத்து நீதிமன்றங்கள் முடிவுசெய்வதில்லை. அந்த மனிதர் முக்கியமாக என்ன வேலை செய்கிறார் என்று பார்க்கின்றன. நாளில் பாதி நேரம் மெஷினில் தைப்பவரை மேற்பார்வையாளர் என்று நிரூபிப்பது கடினம்.

அவர் தொழிலாளர் என்று ஆகிவிட்டால், ஊதியம் போன்ற பணி நிபந்தனையை அவருக்குப் பாதகமாக மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தேவை. தண்டனையாகப் பதவி இறக்குவதென்றால் குற்றச்சாட்டும் விசாரணையும் இல்லாமல் அது நிற்காது. இங்கே குற்றமே இல்லையே! அவர் சம்மதத்தோடு, எழுத்தில், வருமானம் குறையாதபடி மாற்றுவதே நியாயமான வழி, பாதுகாப்பான வழியும் கூட. எதையும் செய்வதற்கு முன் அவருடைய நியமன உத்தரவை எடுத்துக்கொண்டு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பாருங்கள். நியமன உத்தரவே கொடுக்கவில்லை என்றால் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

செல்வியும் முதலாளியின் இரண்டு தடைகளும்

‘பெண் சொன்னால் கேட்க மாட்டார்கள்’ என்பதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வங்கதேசத்தில் 24 ஆயத்த ஆடை ஆலைகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கே தைப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். சூப்பர்வைசர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவர்தான் பெண். ஆண்களையும் பெண்களையும் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்து லைனில் நிறுத்தியபோது, தொடக்கத்தில் பெண்களின் லைன்கள் சற்றுப் பின்தங்கின. பெண்ணுக்கு மெஷின் விவரம் அவ்வளவாகத் தெரியாது என்ற எண்ணம் தொழிலாளர்களிடம் இருந்தது. நான்கு மாத அளவில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. உங்கள் முதலாளி சொல்வது முதல் மாதத்தைப் பற்றிய உண்மை. அந்த முதல் மாதத்திலேயே ‘சரிப்படவில்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடுவதால்தான் ஐந்தாவது மாதத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே செல்வியை நிறுத்துவதற்கு முன் மூன்று வாரம் மெக்கானிக்குடன் அனுப்புங்கள். லூப்பர் டைமிங், டென்ஷன், ஃபீட் டாக் என மெஷினில் வரும் கோளாறுகளை அவர் தன் கையால் சரிசெய்வதை அந்த ஆண் டெய்லர்கள் ஒருமுறை பார்க்கட்டும். முதல் மாதத்தில் யாராவது அவரைத் தாண்டி நேராக உங்களிடம் வந்தால், “செல்வியிடம் கேட்டீர்களா?” என்று திருப்பி அனுப்புங்கள். நீங்கள் ஒரே ஒருமுறை அவர் தலைக்கு மேல் முடிவு சொல்லிவிட்டால் போதும், அந்த லைனில் அதற்குப் பிறகு அவர் வெறும் நோட்டுப் பிடிப்பவர்.

இரவு நேரத்தைப் பற்றி: இரவு ஏழு மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைப்பதை 1948 தொழிற்சாலைகள் சட்டம் தடுத்திருந்தது, 2020 தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் அவர்கள் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் அனுமதிக்கிறது. எனவே செல்வியைக் கேளுங்கள். அவருக்காக நீங்களும் முதலாளியும் பேசி முடிவெடுக்க வேண்டாம். பெண் என்பதற்காகவே பதவி உயர்வு மறுப்பது கூடாது என்று 1976 சமஊதியச் சட்டத்தில் 1987-லேயே திருத்தம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் இப்போது 2019 ஊதியத் தொகுப்புக்குள் சேர்ந்திருக்கிறது. அதோடு, சூப்பர்வைசர் தினமும் ஒன்பது மணி வரை நின்றால்தான் லைன் ஓடும் என்றால் கோளாறு லைனில் இருக்கிறது. முருகேசன் நின்றாரே, ஓடியதா?

இனி எப்படித் தேர்ந்தெடுப்பது?

அறையில் கூப்பிட்டுப் பேசிப் பார்த்து ‘ஆள் தேறுவார்’ என்று முடிவெடுப்பதை விட்டுவிடுங்கள். நன்றாகப் பேசுபவர்களைத்தான் அது தேர்ந்தெடுக்கும். அந்த வேலையையே கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். செல்வியோடு இன்னும் மூன்று நான்கு பேரைச் சேர்த்து, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று ஃப்ளோர் முழுக்க அறிவியுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத ஒருவர் கை தூக்குவார். எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரம், தினமும் இரண்டு மணி நேரம், இருக்கும் சூப்பர்வைசரின் மேற்பார்வையில் ஒரு லைனைக் கொடுங்கள். அந்த நேரத்துக்கு அவர்களுடைய பீஸ் ரேட் நஷ்டத்தை ஈடுசெய்யுங்கள். இல்லாவிட்டால் பணத்தட்டுப்பாடு இல்லாதவர்கள் மட்டுமே வருவார்கள்.

அப்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த கைமடி (டெய்லருக்கு உதவியாள்) பெண் சந்தேகம் வந்தால் யாரைத் தேடிப் போகிறாள்? தவறு நடந்ததும் முதலில் எழும் கேள்வி ‘யார்’ என்பதா, ‘எங்கே’ என்பதா? வேகமான டெய்லரும் மெதுவான டெய்லரும் ஒரே லைனில் இருந்தால் பண்டலை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறார்? கடைசியில் எல்லோரிடமும் ஒரே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். “போன மாதம் நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்” என்பது அதில் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றுமே இல்லை என்பவரின் லைனில் ஊசித் துண்டுகள் கிடைக்காது.

டிப்ளமோ படித்த பையன்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஸ்டைலுக்கு எத்தனை நிமிடம், எந்த மெஷினுக்குப் பின் எது என்று லைனைச் சமன்படுத்திக் கணக்குப் போட அவர்கள் தேவை. ஒருவரை அந்த வேலைக்கு எடுங்கள். நாற்பது பேரை மேய்க்கும் பொறுப்புக்கு ஒரு வருடம் கழித்து அவரும் இதே தேர்வுக்கு வரட்டும், பார்க்கலாம்.

நான்கு மாதம் என்கிறீர்கள். மெக்கானிக்குடன் மூன்று வாரம், லைனில் சோதனை, பத்து மணி நேரப் பயிற்சி எல்லாம் சேர்ந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். ஆகவே முருகேசனுடனான பேச்சை அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். இன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு ஃப்ளோருக்குப் போங்கள். அவர் மெஷினில் இருப்பார். முதலில் மெஷினை நிறுத்தச் சொல்லி, நீங்களே இரண்டு டீ வாங்கி வாருங்கள்.